வரிசையில் நிற்காத தலைவி

1

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கடையில் முட்டைக்கோசு பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் ஒரு வரி வந்தது: ‘செல்வராணி குழுவிலிருந்து வெளியேறினார்.’

முட்டைக்கோசைக் கையில் வைத்தபடி அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். கால் மணி நேரத்தில் இன்னும் ஆறு பேர் வெளியேறினார்கள். வீட்டு வாசலில் காரை நிறுத்தும்போது ஒன்பது பேர் போயிருந்தார்கள். எங்கள் அமைப்பில் இறங்கி வேலை செய்கிறவர்கள் மொத்தமே பதினான்கு பேர்தான்.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு நான் வந்து பதினேழு வருடம் ஆகிறது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கணவர், பதினைந்து வயது மகள் இனியா, நான் என்று மூன்று பேர். பிறந்த ஊர் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம். அங்கே ‘கூட வாரேன்’ என்ற பெயரில் ஒரு சிறிய தொண்டு அமைப்பு நடக்கிறது. பிள்ளைகள் குவைத்திலோ சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்க, ஊரில் தனியாக இருக்கும் வயதானவர்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், காட்டி, மருந்து வாங்கி, திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடுவதுதான் வேலை. சம்பளம் யாருக்கும் கிடையாது. எட்டு வருடமாக அதற்கு நான்தான் தலைவி.

2

இந்த அமைப்பு என் யோசனையில் பிறந்தது என்று இரண்டு மூன்று மேடைகளில் பேசியிருக்கிறேன். அது முழு உண்மை இல்லை.

அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். நான் இங்கே, தம்பி துபாயில். துணைக்கு ஒரு ஆளோடு வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் சொன்னதை அம்மா எங்கள் இருவரிடமும் சொல்லவில்லை. மாவு வாங்கப் போன இடத்தில் செல்வராணியிடம்தான் சொல்லியிருக்கிறார். செல்வராணிக்கு இரண்டு தெரு தள்ளி இட்லி மாவு அரைத்து விற்கும் கடை. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவள். மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, “நான் கூட வாரேன், கெளம்புங்க” என்று அம்மாவை அழைத்துப்போய் மூன்று நாள் உடன் இருந்தாள்.

விஷயம் தெரிந்ததும் அவளுக்குப் போன் செய்து நன்றி சொன்னேன்.

“இருக்கட்டும்க்கா. ஒங்கம்மாவுக்கு மட்டுமா ஆள் இல்ல? எங்க தெருவுல பாதி வீடு அப்படித்தான். எனக்கு வாரத்துல ஒருநா கடை லீவு. அன்னைக்கு வேற யாருக்காச்சும் கூடப் போகலாம்னு இருக்கேன். என்னைய மாதிரி நாலு பேரு சேந்தா நல்லா இருக்கும்” என்றாள்.

அதைக் கேட்டுப் பதிவு, விதிமுறை, முத்திரை என்று வேலையை ஆரம்பித்தவள் நான். அமைப்புக்குப் பெயர் வைத்ததும் நான்தான். ஆனால் அது அவள் வாயிலிருந்து வந்த சொல். தலைவி யார் என்ற கேள்வியே அப்போது எழவில்லை. எம்.எஸ்சி. படித்தவள், வெளிநாட்டில் இருப்பவள், ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவள் நான். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற முத்தையா சார் செயலாளர். செல்வராணி களப்பணியாளர்.

3

கிறைஸ்ட்சர்ச்சிலும் இதே மாதிரி ஓர் அமைப்பு இருக்கிறது. எனக்கு விடுமுறையான புதன்கிழமைகளில் அதற்கு வண்டி ஓட்டுகிறேன். சேருவதற்குப் போலீஸ் சரிபார்ப்புப் படிவம் நிரப்பவேண்டும். இதுவரை குடியிருந்த எல்லா முகவரியும் கேட்டார்கள். திருமயம் வீட்டுக்குப் பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டையும் எழுதினேன். ஒரே காலத்தில் இரண்டு வீட்டில் எப்படிக் குடியிருந்தீர்கள் என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. அதற்கு விளக்கம் எழுதி, அந்த விளக்கத்துக்கு ஒரு விளக்கம் எழுதி, இரண்டு மாதம் ஓடிப்போனது.

வண்டி ஓட்டிய முதல் நாளே வாய் தவறியது. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மூதாட்டியிடம், வீட்டில் கொண்டுபோய் விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, ‘ஐ வில் லீவ் யூ’ என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்று அவர் காதில் விழுந்திருக்கிறது. அமைப்பின் தலைவி மார்கரெட் இதை இன்றுவரை சொல்லிச் சிரிப்பார்.

அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு செயலி உண்டு. எத்தனை மணிக்கு ஏற்றினோம், எங்கே இறக்கினோம், எல்லாம் பதிவாகும். எனக்கு அது மிகவும் பிடித்துப்போய், ஊரிலும் கொண்டுவர முடிவு செய்தேன். ஆஸ்பத்திரி வாசலில் நோயாளியோடு நின்று ஒரு படம் எடுத்து, பெயர், நோய், நேரம் எழுதிக் குழுவில் போடவேண்டும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரும், புது ஆட்கள் சேருவார்கள் என்பது என் எண்ணம்.

செல்வராணியிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது.

“அக்கா, சரசக்கா மூத்திரப் பைய மாட்டிக்கிட்டு வாராங்க. அது வெளிய தெரியாம இருக்க முந்தானைய இழுத்து இழுத்து விடுறாங்க. அவங்கள நிக்கவச்சு நான் எப்படிப் போட்டோ புடிப்பேன்? நாங்க கூட்டிட்டுப் போறமா இல்லையான்னு ஒங்களுக்குச் சந்தேகமாங்க?”

வேலை இடைவேளையில் கேட்டுவிட்டு, நின்றபடியே பதில் தட்டினேன்: ‘விதி எல்லோருக்கும் பொது. திங்கட்கிழமை முதல் படம் இல்லாத பயணம் பதிவாகாது.’

அந்தச் சனிக்கிழமைதான் அவள் வெளியேறினாள்.

4

எனக்கு முதலில் வந்தது கோபம். போனால் போகட்டும், ஆளா கிடைக்காது என்று முத்தையா சாரிடம் சொன்னேன்.

“ஆளு கெடைக்கும் மேடம். வெள்ளன அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வர்ற ஆளாக் கெடைக்கணும்ல” என்றார் அவர்.

மூன்று வாரத்தில் இரண்டு பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஒருவர் ஒரே ஒரு தடவை போனார். மற்றவர் படிவம் நிரப்பியதோடு சரி.

பொன்னமராவதிக்குப் பக்கத்துக் கிராமத்தில் சின்னையா என்று ஒருவர். எழுபத்தைந்து வயதிருக்கும். மனைவி இல்லை, ஒரே மகன் குவைத்தில். சர்க்கரையால் காலில் புண். வாரம் ஒருமுறை புதுக்கோட்டை போய்க் கட்டு மாற்றவேண்டும். அவரைச் செல்வராணிதான் கூட்டிப்போய்க்கொண்டிருந்தாள். அவள் விலகிய பிறகு ஒரு நாள் தனியாகக் கிளம்பிப் போயிருக்கிறார். அவருக்குக் காது மந்தம். பெயர் சொல்லிக் கூப்பிட்டது கேட்கவில்லை. எல்லோரும் போனபின் எழுந்து ஊருக்குத் திரும்பிவிட்டார். அடுத்த வாரம் போகவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்துத் தூக்கிக்கொண்டு போனபோது, இடதுகால் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

முத்தையா சார் போனில் இதைச் சொன்னார். “அவரு நம்மள ஒண்ணுஞ் சொல்லல மேடம். ராணி ஏன் வரல, ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு மட்டுந்தான் கேட்டாரு.”

சாப்பாட்டு மேசையில் கணவரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். விதி சரிதான், அவர்கள்தான் பொறுப்பில்லாமல் போய்விட்டார்கள் என்றும் சொன்னேன். இனியா தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். வீட்டில் தமிழில் பேசுவது அவளுக்குக் குறைந்துகொண்டே வருகிறது. அன்று தமிழிலேயே கேட்டாள்.

“அம்மா, நீங்க எத்தனை பேரை எடுத்துட்டுப் போனீங்க?”

பொருளைத்தான் எடுத்துக்கொண்டு போவோம். மனிதரைக் கூட்டிக்கொண்டு போகவேண்டும். எடுத்துக்கொண்டு போவது கடைசியில் ஒரு தடவைதான். நூறு முறை திருத்தியிருக்கிறேன். அன்றும் திருத்த வாயைத் திறந்தேன். ஆனால் அவள் கேட்ட கேள்வி எதிரே நின்றது. எட்டு வருடத்தில் ஐந்து முறை ஊருக்குப் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டம், ஒரு சால்வை, ஒரு பேச்சு. ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிப்போனவர்கள் ஒருவரும் இல்லை.

“யாரையும் இல்லடா” என்றேன்.

அந்த வாரமே மூன்று வார விடுப்பு எழுதிக்கொடுத்தேன்.

5

திருமயத்தில் இறங்கிய மறுநாள் செல்வராணியின் கடைக்குப் போனேன். மாவைப் பாக்கெட்டில் ஊற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். கை வேலையை நிறுத்தவில்லை.

“எப்ப வந்தீங்கக்கா?”

“நேத்து. மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன் ராணி.”

“எங்கிட்டக் கேட்டு என்னக்கா ஆகப்போகுது” என்றாள். இரண்டு பாக்கெட் கட்டிய பிறகு மேலே பேசினாள். “போட்டோவுக்காக மட்டும் நாங்க வெலகிப் போகல. எட்டு வருசத்துல ஒருதடவ, ‘இப்படிச் செய்யலாமா ராணி’ன்னு கேட்டிருக்கீங்களா? முடிவு பண்ணிட்டுத்தான் எங்களுக்குச் சொல்வீங்க. நாங்க மனுசங்களா, ஒங்க கை காலாங்க?”

ஒரு பெண் மாவு வாங்க வந்தாள். அவளை அனுப்பிவிட்டு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டு செல்வராணி எதிரே உட்கார்ந்தாள். இப்போது அவள் குரல் இறங்கியிருந்தது.

“சின்னையா அய்யா வெரலு போனதுல எனக்கும் பங்கிருக்குக்கா. ஒங்க மேல கோவம்னா ஒங்ககிட்டக் காட்டியிருக்கணும். ‘அய்யா, இந்த வாரம் நான் வரல’ன்னு அவருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லல. வீம்புல இருந்துட்டேன்.”

எழுந்துபோய் மாவுப் பாத்திரத்தை மூடினாள். பிறகு அவள்தான் கேட்டாள்.

“நாளைக்கு அவருக்குக் கட்டு மாத்தணும். கூட்டிட்டுப் போறீங்களா?”

“நீயும் வர்றியா?”

“எனக்கு நாளைக்கு மாவு அரைக்கணும்க்கா. நீங்க போங்க.”

6

முதல் பஸ்ஸில் பொன்னமராவதி போய், ஆட்டோ பிடித்து அவர் வீட்டை அடைந்தபோது சின்னையா வெள்ளைச் சட்டை போட்டு, தலைவாரித் தயாராக இருந்தார். கைத்தாங்கலாக ஏற்றிப் புதுக்கோட்டை வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரியில் நீளமான ஒரு வரிசையில் போய் நின்றேன். முக்கால் மணி நேரம் கழித்துப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னையா தயக்கத்தோடு கூப்பிட்டார்.

“ஆத்தா, ராணி அங்கிட்டுல்ல நிப்பா.”

நான் நின்றது பல் பிரிவு வரிசை. சரியான இடத்துக்குப் போனால் பழைய சிகிச்சை நோட்டைக் கேட்டார்கள். நோட்டு வீட்டில் இருந்தது. செல்வராணியாக இருந்தால் கிளம்பும்போதே கேட்டு வாங்கியிருப்பாள். அங்கே இருந்த நர்ஸ் அவரை அடையாளம் கண்டுகொண்டதால், “அடுத்த தடவ மறக்காதீங்க” என்று ஒரு தாளில் எழுதி உள்ளே அனுப்பினார். பெயர் கூப்பிட்டபோது அவர் அசையவே இல்லை. நான் கையைத் தூக்கினேன். கட்டு மாற்றும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்ததும் கால் மாற்றி மாற்றி வைத்து நின்றார். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்பதைச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று புரிய எனக்குப் பத்து நிமிடம் ஆனது. நான் தயாரித்த படிவத்தில் பதினோரு கட்டங்கள் உண்டு. இதற்கெல்லாம் அதில் இடம் இல்லை.

மார்கரெட்டின் நினைவு வந்தது. அவருடைய அமைப்பிலிருந்து படிவங்களையும் செயலியையும் பார்த்துப் படித்துக்கொண்டேன். ஆனால் தலைவியான அவரும் வாரத்தில் இரண்டு நாள் வண்டி ஓட்டுகிறார். யாராவது வாந்தி எடுத்தால் இருக்கையைக் கழுவுகிறார். புதிதாக எதையும் செய்வதற்கு முன் ஓட்டுநர்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துக் கேட்கிறார். அதையெல்லாம் நான் வாராவாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஊருக்குக் கொண்டுபோக வேண்டியது அதுதான் என்று தோன்றவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரவைத்தேன்.

“பேரு என்னாத்தா?”

“கலைச்செல்விங்கய்யா.”

“ராணிக்குச் சொந்தமா?”

“இல்லங்கய்யா. அவளோட சேந்து வேலை பாக்குறேன்.”

சொல்லியே ஆகவேண்டும் என்று இருந்தது. “படம் எடுக்கச் சொன்னது நான்தாங்கய்யா. அதனாலதான் ராணி வரல. ஒங்க வெரலு போனதுக்கு நான்தான் காரணம்” என்றேன்.

“என்னது?” என்று காதைத் திருப்பினார்.

உரக்கச் சொன்னேன். முன்னால் இருந்த நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சின்னையா தன் காலைக் குனிந்து பார்த்தார்.

“போனது ஒரு வெரலுதான். செருப்பு இப்ப லேசா நொழையுது” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “அது கெடக்கட்டும், அடுத்த வாரம் யாரு வர்றா?” என்று கேட்டார்.

“ராணி வருவாங்கய்யா. அவ வரலைன்னா நான் வருவேன்” என்றேன். அவளைக் கேட்காமல் நான் எடுத்த கடைசி முடிவு அது.

7

அன்று சாயங்காலமே செல்வராணியிடம் போய், “இனிமே நீதான் தலைவியா இருக்கணும். இருப்பியா?” என்று கேட்டேன்.

அவள் சிரித்துவிட்டாள். “எட்டாப்புப் படிச்சவ நான். ஆபீசர் வந்து இங்கிலீஷ்ல பேசுனா என்ன செய்வேன்?”

“முத்தையா சார் இருக்காரு. நான் இருக்கேன்.”

“நீங்க வேணாம்க்கா” என்றாள் உடனே. “சார் படிச்சுச் சொல்லட்டும். நீங்க படிச்சுச் சொன்னா, கூடவே முடிவையும் சொல்லிடுவீங்க.”

இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டாள். மூன்று விஷயம் சொன்னாள். படம் கூடாது. தலைவியானாலும் அவள் வாரம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போவாள். பொறுப்பில் இருக்கும் மற்றவர்களும் மாதம் ஒருதடவையாவது போகவேண்டும். மூன்றாவது, வெளிநாட்டுப் பிள்ளைகளைப் பற்றியது.

“அவங்களுக்குத் தகவல் வேணும்ங்கிறது நாயந்தான்க்கா. அத நான் இல்லைங்கல. வீடு வந்து சேந்ததும், அந்தப் பெரியவங்களையே பிள்ளைகளுக்குப் போன் போட வைப்போம். ‘போயிட்டு வந்துட்டேன்ப்பா’ன்னு அவங்க வாயால சொல்லட்டும். அதுக்கு மேல என்ன ஆதாரம்?”

நான் ஆறு மாதம் யோசித்து வைத்த விதியைவிட அது எவ்வளவு நல்லது என்று அங்கேயே தெரிந்தது.

மாவட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் முத்தையா சாரும் போனோம். ஓர் எழுத்தர் கோப்பை எடுத்துப் புரட்டினார்.

“புதுத் தலைவி பட்டதாரிங்களா?”

“இல்லங்க” என்றாள் செல்வராணி.

“ஒங்க துணைவிதியில தலைவர் பட்டதாரியா இருக்கணும்னு போட்டிருக்கே.”

“யாரு போட்டது?” என்று கேட்டேன்.

அவர் கோப்பைத் திருப்பிக் காட்டினார். கீழே என் கையெழுத்து. வேறு ஏதோ சங்கத்தின் மாதிரியைப் பார்த்து நானே தட்டச்சு செய்தது. செல்வராணி என்னைப் பார்க்காமல் சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது அவள் எனக்குச் செய்த மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

விதியை மாற்றப் பொதுக்குழு கூட்டவேண்டும். அதற்கு மூன்று வாரம் முன்னதாக அறிவிப்பு கொடுக்கவேண்டும். என் விடுப்பு அதற்குள் முடிந்துவிடும். விமானச் சீட்டை மாற்றலாமா என்று முத்தையா சாரிடம் கேட்டேன்.

“எதுக்கு மேடம்? கோரத்துக்குக் கொறஞ்சபட்ச ஆளு இருந்தாப் போதும். நீங்க இருக்கணும்னு எங்கயும் போடல” என்றார்.

அறிவிப்புக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் விலகல் கடிதத்தையும் அவரிடம் கொடுத்தேன். மீதி இருந்த நாட்களில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போனேன். இரண்டாவது தடவையே சரியான வரிசையில் நின்றேன்.

8

பொதுக்குழு நடந்த நேரம் இங்கே கிறைஸ்ட்சர்ச்சில் மாலை. கைப்பேசியைச் சமையலறை மேடையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முத்தையா சார் அழைத்தார். விலகிப்போன ஒன்பது பேரும் வந்திருக்கிறார்கள், விதி மாறிவிட்டது, செல்வராணி ஒருமனதாகத் தேர்வு.

“அவ என்ன பேசினா சார்?”

“பேசவே இல்ல மேடம். இந்த வாரம் யாரு யாரக் கூட்டிட்டுப் போறதுன்னு நேரா ஆரம்பிச்சிருச்சு.”

ராணி தலைவியாகிவிட்டாள் என்று இனியாவிடம் சொன்னேன். எந்த ராணி என்று முதலில் கேட்டாள், பிறகு, “அவங்க நல்லா எடுத்துட்டுப் போவாங்களா?” என்றாள்.

“கூட்டிட்டு” என்று திருத்தினேன்.

“கூட்டிட்டு” என்றாள்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது களத்தில் இருபத்திரண்டு பேர். சின்னையாவின் புண் ஆறிவிட்டது. மகனுக்கு அவர் செய்யும் போன் அரைமணி நேரம் நீள்கிறதாம். முன்பெல்லாம் மாதம் ஒருமுறைதான் பேசிக்கொள்வார்களாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மாதக் கூட்டத்தில் வீடியோவில் நானும் இருந்தேன். ஆவுடையார்கோவில் பக்கத்துக் கிராமங்களுக்கும் வேலையை விரிக்கவேண்டும் என்று எனக்கு ஒரு திட்டம். பொறுக்காமல் நடுவிலேயே ஆரம்பித்தேன்.

“அக்கா, அது அஞ்சாவதா இருக்கு. இப்ப ரெண்டாவதுதான் போய்க்கிட்டிருக்கு” என்றாள் தலைவி.

அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது வந்தபோது எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தாள். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டாள். அந்தப் பக்கத்து ஆட்கள் இரண்டு பேராவது முதலில் சேரட்டும், இங்கிருந்து போய்வரக் கட்டாது என்றார்கள். திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. அவர்கள் சொன்னது சரி. எனக்கும் அப்போது மனம் லேசாகத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும் நேரத்தில் செல்வராணி கேமராவுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“அக்கா, அடுத்த லீவுக்கு எப்ப வாரீங்க?”

தேதியைச் சொன்னேன்.

“எத்தன நாள் இருப்பீங்க?”

“மூணு வாரம்.”

“அப்ப ஒங்களுக்கு ஆறு நாள் போட்டுக்கிறேன்” என்று நோட்டில் எழுத ஆரம்பித்தாள். “கூட்டம், சால்வைன்னு யாராச்சும் கூப்புட்டா அந்த நாள்ல ஒத்துக்காதீங்க.”

மறுநாள் அவள் அனுப்பிய பட்டியலில் இருபத்திரண்டு பெயருக்கும் கீழே, இருபத்து மூன்றாவதாக என் பெயர் இருந்தது. பக்கத்தில் படிப்பும் இல்லை, பதவியும் இல்லை. கலைச்செல்வி, ஆறு நாள், முதல் பஸ்.